நாலு சக்கரமும் தரையில்

அக்கா மகன் போன மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு வீடியோ கால் போட்டான். "மாமா, ஒரு வண்டிக்குப் பின்னால இன்னொரு வண்டியக் கட்டி இழுக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும்தான். தர்மபுரியில் சேலம் ரோட்டோரம் இருபத்தாறு வருடம் லாரிப் பட்டறை நடத்தியவன் நான். தொப்பூர் கணவாயில் படுத்துவிட்ட வண்டிகளைச் சங்கிலி போட்டு இழுத்து வந்ததற்குக் கணக்கே இல்லை. ஆனால் இவன் இழுக்க நினைத்தது நன்றாக ஓடுகிற வண்டியை.

அவன் இருப்பது அரிசோனாவில். பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கியிருக்கிறான். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். நீளம் நம் டவுன் பஸ் அளவு. அதை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால், பால் வாங்கக்கூட மொத்த வீட்டையும் கிளப்ப வேண்டும். அதனால் சின்ன வண்டி ஒன்றைப் பின்னால் கோத்துக்கொண்டு போகிறார்கள். டிரெய்லரில் ஏற்றாமல் நாலு சக்கரமும் தரையில் உருளும்படி இழுப்பதற்குப் பெயர் பிளாட் டோ. அப்படி இழுபட்டு வரும் வண்டியைச் செல்லமாக 'டோட்' என்கிறார்கள். தேரை என்று அர்த்தம். இழுபட்டது என்பதற்கும் அங்கே அதே உச்சரிப்பாம். "அந்தச் சின்ன வண்டியிலயே ஊர் சுத்தினா ஆகாதா?" என்று அக்கா கேட்டாள். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை.

முதலில் மனைவியின் காரை இழுக்கலாம் என்றிருந்தான். சி.வி.டி. கியர்பாக்ஸ், அதாவது கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக். வேண்டாம் என்றேன். சக்கரம் சுற்றினால் பெட்டிக்குள்ளும் பாகங்கள் சுற்றும். இன்ஜின் ஓடாததால் ஆயில் பம்ப் ஓடாது. காய்ந்தபடியே சுற்றினால் பெட்டி என்னத்துக்கு ஆகும்? காரோடு வந்த புத்தகத்தைப் பிரிக்கச் சொன்னேன். இழுக்கக் கூடாது என்று அதிலேயே போட்டிருந்தது. மாப்பிள்ளை அதற்குள் இரண்டு வண்டியையும் கோக்கிற கம்பியை, டோ பாரை, ஆர்டர் போட்டிருந்தான்.

அப்புறம்தான் கிளட்ச் வைத்த பழைய ஜீப் ராங்ளர் ஒன்றைப் பிடித்தான். அதில் கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி. அதை நியூட்ரலில் போட்டுவிட்டு, கியர் லீவரை மட்டும் கியரிலேயே விட வேண்டும் என்கிறது புத்தகம். "ஏன் மாமா, ரெண்டும் நியூட்ரல்ல இருந்தா இன்னும் லேசா உருளாதா?" என்றான். உருளும்தான். ஆனால் கியரில் கிடந்தால்தான் கியர்பாக்ஸ் உள்ளே எதுவும் சுற்றாமல் அடங்கி இருக்கும். சாவி மட்டும் ஸ்டீயரிங் பூட்டாத நிலையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தில் முன் சக்கரம் மடங்காமல் டயர் தேயும்.

நியூட்ரல் என்ற வார்த்தையே எனக்கு ஆகாது. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகளின் மிச்சத்தைத்தான் பாதி நாள் அள்ளி வந்திருக்கிறேன். அதனால் இந்த நியூட்ரலைச் சோதிக்காமல் விட மனசில்லை. ஜீப்பைக் கோப்பதற்கு முன்பே சமதரையில் நிறுத்தச் சொன்னேன். போனை டேஷ்போர்டில் சாய்த்து வைத்தான். டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரை இழுத்து, "விழுந்துடுச்சு மாமா" என்றான். இன்ஜினைப் போட்டு, ரிவர்ஸ் கியர் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கிளட்சை மெதுவாக விடு என்றேன். படத்தில் எதிர்ச்சுவர் அரையடி விலகிப் போனது. லீவர் பாதியில்தான் நின்றிருந்தது. அப்படியே கோத்து எழுபது கிலோமீட்டர் வேகத்தில் இழுத்திருந்தால், கியரில் கிடக்கிற இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சக்கரமே வலுக்கட்டாயமாகச் சுற்றியிருக்கும். மறுபடி போட்டு, ரிவர்ஸிலும் ஃபர்ஸ்டிலும் வண்டி அசையவில்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிரேக் விஷயத்தில் சண்டையே வந்துவிட்டது. ஜீப் ஒன்றே முக்கால் டன்னுக்குக் கிட்ட வரும். அதையும் சேர்த்து மோட்டார்ஹோம் பிரேக்கே தாங்கட்டும் என்றான். இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளுகிற எடை என்ன செய்யும் என்று எனக்கா தெரியாது? ஜீப்பின் இன்ஜின் அணைந்திருப்பதால் பிரேக்குக்குக் கைகொடுக்கும் வேக்குவம் இருக்காது, பெடல் கல்லாக இருக்கும். அதை மிதிக்கவே ஒரு பெட்டி விற்கிறார்கள். டிரைவர் சீட்டுக்கு முன்னால் தரையில் வைத்து, அதன் கையைப் பெடலில் மாட்டினால், முன்வண்டி வேகம் குறையும்போது அதுவும் அழுத்தும். டோ பார் கழன்று ஜீப் பிரிந்தால் ஒரு மெல்லிய கம்பி இழுபட்டு, ஜீப் தானே பிரேக் போட்டு நிற்கும். விலை ஆயிரம் டாலருக்கு மேல். மூன்று நாள் முனகிவிட்டு வாங்கினான்.

பின்விளக்கு வயரிங்கில் பெரிய வேலை இல்லை. முன்வண்டி மின்சாரம் ஜீப்பின் சுவிட்சுகளுக்குத் திரும்ப ஏறாமல் நடுவில் டயோடு போட்டான். பாதுகாப்புக் கேபிள் இரண்டையும் டோ பாருக்கு அடியில் குறுக்காக மாட்டினான்.

கோத்த பிறகு ரிவர்ஸ் மட்டும் எடுக்கக் கூடாது என்று நாலு தடவை சொல்லியிருந்தேன். பின்னால் தள்ளினால் ஜீப்பின் முன் சக்கரம் ஒரு பக்கமாக ஒடிந்து திரும்பி, டோ பாரை வளைத்துவிடும். முதல் பயணத்திலேயே வெளியே போக வழியில்லாத பெட்ரோல் பங்கில் நுழைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். கழற்றித்தான் ஆக வேண்டும். வளைந்து நின்றதால் டோ பாரைக் கோத்திருந்த ஆணி இறுகிப்போய் வரவில்லை. ஜீப்பில் ஏறி ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பார், டோ பார் தளரும்போது ஆணியைத் தட்டு என்றேன்.

"எதால தட்டுறது மாமா?"

வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறவனிடம் ஒரு சுத்தியல் இல்லை. கடைசியில் குழவிக்கல்லை எடுத்து வந்து தட்டினான். போன வருடம் அக்கா இங்கிருந்து கொடுத்து அனுப்பியது.