வசனம் எழுதியவன் கணக்கெழுதியபோது

ஒன்பது ஆண்டுகள் பிறருடைய தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரைக்கதையும் வசனமும் எழுதிய பிறகு, சொந்தமாக ஒரு தொடரைத் தயாரித்தேன். அதற்குக் காரணம் துணிச்சல் அல்ல, மனத்தாங்கல். நான் கொடுத்த நான்கு பக்கக் கதைச்சுருக்கத்தை ஒரு நிறுவனம் பல மாதங்கள் வைத்திருந்து திருப்பித் தந்தது. மறு ஆண்டே அதே கருவில் அவர்களுடைய தொடர் ஒளிபரப்பாயிற்று. வழக்கறிஞர் என் பக்கங்களைப் படித்துவிட்டுக் கையை விரித்தார். பதிப்புரிமை கருவுக்குக் கிடையாது, எழுத்தில் அது பெற்ற வடிவத்துக்கே உண்டு என்றும், 1995இல் நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமை குறித்த பன்னாட்டு ஒப்பந்தமான டிரிப்ஸ் உடன்படிக்கையின் 9ஆம் பிரிவே இதை வெளிப்படையாகச் சொல்கிறது என்றும் விளக்கினார். என் நான்கு பக்கங்களில் கரு மட்டுமே இருந்தது.

அடுத்த கதையைச் சுருக்கமாக வைக்கவில்லை. பாத்திரங்களின் பின்புலம், நூறு எபிசோடுகளுக்கான ஒன்லைன் (ஒவ்வொன்றின் கதையும் ஓரிரு வரிகளில்), முதல் ஐந்து எபிசோடுகளின் முழு வசனம் எல்லாவற்றையும் எழுதி, தேதியிட்டுப் பதிவும் செய்த பிறகே சேனல்களின் கதவைத் தட்டினேன். மூன்று இடங்களில் மறுத்தார்கள். நான்காவது இடத்தில், என் செலவில் பைலட், அதாவது மாதிரி எபிசோடு, எடுத்துக் காட்டச் சொன்னார்கள்; எடுத்தேன், பிடித்திருந்தது.

ஒப்பந்தத்தைப் படித்தபோதுதான் தூக்கம் போயிற்று. கதையின் உரிமை, மறுஆக்க உரிமை என எல்லாமே சேனலுக்குச் சென்றன. பணம் தருபவர் அவர்கள் என்பதால் அதில் பெரிதாக அசைக்க முடியவில்லை. ஆனால், பொருளாதார உரிமைகளை எழுதிக் கொடுத்த பின்னும் ‘இது என் படைப்பு’ என்று கோரும் உரிமை ஆசிரியரிடமே இருக்கும் என்று பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 6பிஸ் பிரிவு கூறுவதைக் காட்டி, எந்த மொழியில் மறுஆக்கம் செய்தாலும் டைட்டில் கார்டில் ‘கதை’ என்று என் பெயர் வரவேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்க வைத்தேன்.

படப்பிடிப்பு தொடங்கிய இரண்டாம் வாரம். ‘கொட்டும் மழையில் நனைந்தபடி அவள் மருத்துவமனைக்குள் ஓடுகிறாள்’ என்று சீன் பேப்பரில் எழுதியிருந்தேன். தயாரிப்பு நிர்வாகி அதைக் கையில் வைத்துக்கொண்டு, “சார், இந்த மழை நம்ம காசா, சேனல் காசா?” என்று கேட்டார். தண்ணீர் லாரி, பம்பு, விளக்குகளுக்கு மறைப்பு, மறு டேக்குக்காக அதே உடையில் இன்னும் இரண்டு, நனைந்த கூந்தலை உலர்த்திச் சரிசெய்யும் நேரம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். ஒன்பது ஆண்டுகளில் எத்தனை மழை எழுதியிருப்பேன்! என்னிடம் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நின்ற நிலையிலேயே காட்சியை மாற்றினேன்: மருத்துவமனை நடைவழியில் அவள் ஏற்கெனவே நிற்கிறாள், முந்தானை நுனியிலிருந்து தரையில் நீர் சொட்டுகிறது, மழையின் ஓசை மட்டும் வெளியிலிருந்து வருகிறது. முதலில் எழுதியதைவிட இதுவே நன்றாக இருந்தது என்பதைச் சற்று வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

விளம்பரம் போக எபிசோடுக்கு ஏறத்தாழ 22 நிமிடம், வாரத்துக்கு ஐந்து எபிசோடு. என் கணக்கில் ஒரு பக்கம் ஒரு நிமிடம் வரும் என்பதால், வாரந்தோறும் 110 பக்கம் எழுதியாக வேண்டும். அதோடு, ஒரு நாள் படப்பிடிப்பில் ஓர் எபிசோடாவது தேறாவிட்டால் கையிருப்பு கரையத் தொடங்கும். கதாநாயகியின் கால்ஷீட் குழம்பிய மாதத்தில் எங்கள் பேங்க், அதாவது எடுத்து முடித்துக் கையிருப்பில் வைத்திருந்த எபிசோடுகள், பன்னிரண்டிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. அந்த மாதம் முழுவதும் கதையில் அவர் ‘வெளியூரில்’ இருந்தார். மற்றவர்கள் அவரோடு தொலைபேசியில் பேசினார்கள், அழுதார்கள், சண்டையிட்டார்கள். தொலைபேசியை நேயர்கள் கதைத் திருப்பமாக எண்ணியிருக்கலாம்; எங்களுக்கு அது உயிர்மூச்சு.

தொடர் 312 எபிசோடுகளில் நிறைவடைந்தது. ஒளிபரப்பான பிறகே பணம் வரும் என்பதால் இடைப்பட்ட செலவுகளைக் கடன் வாங்கியே சமாளித்திருந்தேன். கடைசித் தவணை வந்துசேர நான்கு மாதங்கள் ஆயின. அதுவரை அந்தக் கடனுக்கான வட்டியை, வேறொரு தயாரிப்பாளரின் தொடருக்கு வசனம் எழுதிக் கட்டினேன்.