ஏற்காடு ஏறும் பழைய அமெரிக்கக் கார்: எஞ்சினில் தாராளம், பிரேக்கில் கஞ்சத்தனம்

பழைய அமெரிக்கக் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எஞ்சினைப் பற்றித்தான். ஆறு சிலிண்டரா, வி8-ஆ, எத்தனை குதிரைத்திறன் என்றெல்லாம் கேட்பார்கள். சேலத்துக்காரர் முதலில் கேட்க வேண்டியது பிரேக்கைப் பற்றி. சேலம் டவுன் 300 மீட்டர் உயரத்துக்கும் கீழே இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. 1940, 50களில் அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டில் இருந்து வந்த வண்டிகள் நேரான சமதள ரோட்டில் நாள் முழுக்க ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் நல்லது கெட்டது இரண்டையும் இந்த மலை ஒரே நாளில் காட்டிக் கொடுத்துவிடும்.

ஏற்றத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிளைமவுத்தின் 217.8 கன அங்குல ஆறு சிலிண்டர், அதாவது 3.6 லிட்டர் எஞ்சின், குறைந்த சுற்றிலேயே முழு இழுவையும் தரும். அஸ்தம்பட்டி, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு தாண்டி அடிவாரத்தில் இரண்டாவது கியர் போட்டால், வளைவுகள் தவிர மற்ற இடமெல்லாம் அதிலேயே ஏறும். மேலே போகப் போக காற்று மெலிந்து பெட்ரோல் கலவை கெட்டியாகும், இழுவை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறையும். ஏற்காட்டில் ஐடிலிங் தடுமாறினால் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டாம். ஐடில் ஸ்க்ரூவை அரைச் சுற்றுக்குள் சரிசெய்து பாருங்கள், கீழே வந்ததும் பழைய இடத்துக்கே திருப்பிவிடுங்கள்.

இறக்கத்தில்தான் கதை மாறுகிறது. ஒன்றரை டன் வண்டி, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ள ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர். நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன் என்பதால், எங்காவது ஒரு ரப்பர் வாஷர் கிழிந்தாலும் பெடல் தரையைத் தொட்டுவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் தரும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் அமெரிக்க வண்டிகள் எல்லாவற்றுக்கும் வந்தது 1967 மாடலில்தான், அதுவும் அரசாங்கம் பாதுகாப்பு விதி கொண்டுவந்த நேரத்தில். டெட்ராய்ட்டுக்கு வழி தெரியாமல் இல்லை. கிரைஸ்லர் 1949லேயே கிரவுன் இம்பீரியலில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்தது. காடிலாக் 1962லேயே இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போட்டது. சாதாரண ஷெவர்லே, ஃபோர்டு வாங்கியவர்களுக்குத்தான் அது எட்டவில்லை. தலைவர் ஆல்ஃப்ரட் ஸ்லோனும் வடிவமைப்பாளர் ஹார்லி ஏர்லும் ஜெனரல் மோட்டார்ஸில் வளர்த்த வருஷா வருஷம் உருவம் மாற்றும் பழக்கத்தில், பணம் வால் இறக்கைக்கும் குரோமுக்கும் போனது. 1957 ஷெவர்லே பெல் ஏர் அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இறக்கைக்குச் செலவழித்ததில் ஒரு பங்கை அடியில் செலவழித்திருக்கலாம். இதை நான் கோபமாகவேதான் சொல்கிறேன்.

ஆகவே வண்டி கைக்கு வந்ததும் முதல் செலவு பிரேக்குக்கு. டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கினால் குழி விழுந்திருக்கிறது. லேசான குழி என்றால் ஹோனிங் (உள்ளே தேய்த்து வழவழப்பாக்குவது) போதும், ஆழமென்றால் லேத்தில் கொடுத்து பித்தளை அல்லது எவர்சில்வர் ஸ்லீவ் அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவர வேண்டும். கடையில் "ஜீப் வாஷர் போதும் சார்" என்பார்கள். வெர்னியரில் அளக்காமல் வாங்காதீர்கள். ஒரு அங்குலத்துக்கும் ஒன்றே அரைக்கால் (1 1/8) அங்குலத்துக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ரப்பரை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. அந்த ரப்பர் சில நாளில் ஊதிக்கொண்டு, ஷூ திரும்பி வராமல் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பிரேக் ஆயிலிலேயே கழுவச் சொல்லுங்கள்.

பெடலில் கால் அங்குலம் சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் திரும்புகிற சின்னத் துளை மூடியே இருக்கும். சூட்டில் ஆயில் விரியும், போக இடமில்லாமல் பிரேக் தானாகப் பிடிக்கும், பிடிக்கப் பிடிக்க இன்னும் சூடேறும். அடிவாரம் வரும்போது டிரம்மிலிருந்து கருகல் வாடை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஆட்டத்தைத்தான். ஆயில் டாட் 4 போடுங்கள். புதிதாக இருக்கும்போது கொதிநிலை 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 155. டாட் 3 என்றால் 205, ஈரமானதும் 140. ஏற்காட்டுப் பனியில் நிற்கும் வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது கட்டாயம்.

இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றலாமா என்றால், தாராளமாக மாற்றுங்கள். ஒரிஜினல் கெடுகிறது என்பவர்கள் பழைய சிலிண்டரைத் துடைத்து அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும். டிஸ்க் வண்டியின் சிலிண்டரை அப்படியே போட்டுவிட வேண்டாம். டிரம்முக்கு லைனில் 10 பவுண்ட் அழுத்தம் தங்க வேண்டும், அதற்கான வால்வு தனியாகப் போடணும். இல்லையென்றால் வாஷர் ஓரத்தில் காற்று உள்ளே போய்விடும்.

கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகளான பிளைமவுத், டாட்ஜ், டிசோட்டோ வைத்திருப்பவர்கள் மூன்று விஷயம் மனதில் வைக்க வேண்டும். இடது பக்க வீல் போல்ட்டுகள் எதிர் மரை. தெரியாத ஆள் பைப் மாட்டித் திருகினால் போல்ட் முறிந்துவிடும். பின் டிரம் டேப்பர் ஆக்ஸிலில் இறுகி உட்கார்ந்திருக்கும், அதற்குப் புல்லர் வேண்டும். சம்மட்டியால் ஆக்ஸில் நுனியில் அடித்தால் உள்ளே பேரிங்கும் நடுவில் உள்ள த்ரஸ்ட் பிளாக்கும் அடி வாங்கும். மூன்றாவதுதான் மலையில் ஆபத்தானது. இவற்றின் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை, கியர் பாக்ஸுக்குப் பின்னால் புரொபெல்லர் ஷாஃப்டில் இருக்கிறது. சரிவில் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுற்றிக்கொடுத்து வண்டி உருண்டுவிடும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் இதே கதைதான். ஸ்டெப்னி மாற்றும் முன் மற்ற சக்கரங்களுக்கு இரு பக்கமும் கல் வையுங்கள்.

எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது இந்த வண்டிகளுக்கு அப்படியே பொருந்தும். பெரும்பாலான மூன்று கியர் வண்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போதே கியர் பற்களை உரசாமல் சேர்க்கும் ஏற்பாடு) கிடையாது, ஓடும்போது போட்டால் பல் அரைக்கும். ஆகவே மேலே கிளம்பும்போதே இரண்டில் வைத்துவிடுங்கள். பவர்கிளைட் என்ற ஷெவர்லே ஆட்டோமேட்டிக் கியர் என்றால் வேகம் குறைத்து எல்-லில் (லோ) போடுங்கள். பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் டிரம்மைக் கொல்லும். அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள்.

வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியர் உள்ள ஸ்டுடிபேக்கர், பிளைமவுத் வண்டிகளில் ஒரு கண்ணி இருக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள கைப்பிடி உள்ளே தள்ளியிருந்தால், குறைந்த வேகத்தில் வண்டி ஃப்ரீவீலாக ஓடும். ஆக்ஸிலேட்டரை எடுத்ததும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்து, நியூட்ரலில் இறங்குவது போலாகிவிடும். இறங்கும் முன், வண்டி நிற்கும்போதே கைப்பிடியை வெளியே இழுத்துப் பூட்டுங்கள். அதே ஸ்டுடிபேக்கரில் ஹில் ஹோல்டர் என்ற அருமையான ஏற்பாடும் உண்டு. ஏற்றத்தில் பிரேக்கை எடுத்தாலும் கிளட்ச் மிதித்திருக்கும் வரை வண்டி பின்னால் போகாது. இந்த நல்ல யோசனையை 1936லேயே கொடுத்த கம்பெனியும் கடைசியில் தாக்குப்பிடிக்கவில்லை.

ரேடியேட்டர் பற்றி. சேலத்து போர் தண்ணீரை ஊற்றினால் பிளாக்குக்குள் உப்புப் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் போதும். கிரைஸ்லர் குடும்பத்து ஃப்ளாட்ஹெட் (வால்வு பிளாக்கிலேயே இருக்கும்) எஞ்சின்களில் வாட்டர் பம்ப்புக்குப் பின்னால் பிளாக்கின் நீளத்துக்கு ஒரு தகட்டுக் குழாய் போகும். அது துருப்பிடித்து அரித்துப்போனால் தண்ணீர் முன் சிலிண்டரிலேயே சுற்றும், பின் சிலிண்டர்களின் வால்வு கருகும். ரேடியேட்டரையும் பம்பையும் கழற்றி, கொக்கி போட்டு இழுத்தால் வரும். துண்டு துண்டாக வந்தால் பொறுமையாக எல்லாத் துண்டையும் எடுக்க வேண்டும். பிரஷர் கேப் விஷயத்தில் விளையாடாதீர்கள். 4 பவுண்ட் கேப் இருந்த இடத்தில் இன்றைய காரின் 13 பவுண்ட் கேப் போட்டால் ஈயம் வைத்த டேங்க் பிளந்துவிடும். ஃபோர்டு ஃப்ளாட்ஹெட் வி8-இல் புகை போகும் வழியே தண்ணீர் ஜாக்கெட்டுக்குள்தான் போகிறது, அதனால் சூடு அதன் பிறவிக்குணம். சேலத்து ஏப்ரலுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ஏசி கம்பெனி பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் ரப்பர் ஹோஸையும் தின்றுவிடும். எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பருக்கு மாற்றுங்கள். கலவையும் மெலிந்துவிடும், கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினால் ஏற்றத்தில் திணறாது. மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் டேங்கைக் காலியாக விடாதீர்கள், ஈரம் சேர்ந்து உள்ளே துருப்பிடிக்கும்.

6 வோல்ட் வண்டி செல்ஃப் எடுக்க மறுத்தால், பல நேரம் குற்றம் கேபிளில்தான். அதே வேலைக்கு 12 வோல்ட்டைவிட இரு மடங்கு கரண்ட் ஓடுகிறது, கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரி கேபிள் தாங்காது. இரு மடங்கு தடிமன் போடுங்கள், எர்த் வைக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டுங்கள். பிளைமவுத்துக்கும் ஃபோர்டுக்கும் 1955 வரை பாசிட்டிவ் எர்த் என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 6.00-16 டயர் ஜீப் அளவு, எளிதில் கிடைக்கும். டிராக்டர் முன் டயரும் அதே அளவில் வருகிறது. அதை மட்டும் மாட்டாதீர்கள், அது ரோட்டு வேகத்துக்கான டயர் அல்ல.

எதை வாங்கலாம் என்று கேட்டால் பிளைமவுத் அல்லது டாட்ஜ், ஆறு சிலிண்டர். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் பம்பாயில் வண்டி பூட்டிக்கொண்டிருந்தவை. இங்கேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இடம் என்று 1953இல் அரசு முடிவெடுத்ததும் இரண்டும் கிளம்பிவிட்டன. வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் குர்லாவில் கிரைஸ்லர் வண்டிகளைத் தொடர்ந்தது. அதனால் அந்தக் குடும்பத்துப் பாகங்கள் இன்றும் தேடினால் அகப்படும். ஃபோர்டு 2021இல் மறைமலை நகர் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தபோது பலருக்கு அதிர்ச்சி. 1953ஐ அறிந்தவர்களுக்கு அது இரண்டாம் முறை.

டீசல் எஞ்சின் மாற்றிய வண்டி விலை மலிவாக வரும். வேண்டாம். ஆடும் சேஸிஸில் மவுண்டிங் வெட்டி ஒட்டியிருப்பார்கள், டீசலின் அதிர்வில் அந்த வெல்டிங் ஓரம் விரிசல் விடும். கட்டாயம் பார்க்க வேண்டுமென்றால் பட்டறைப் பள்ளத்தின் மேல் ஏற்றி, ஸ்டியரிங் பாக்ஸ் இருக்கும் பக்கத்து சேஸிஸ் ரெயிலை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட்டுக்குக் கீழேதான் அந்த விரிசல் இருக்கும்.