பெருமாள்மலைக்கு ஜென் தியானம் பழகப் போறவங்களுக்கு

கொடைக்கானல் பெருமாள்மலையில இருக்கிற போதி ஜெண்டோ, இயேசு சபைத் துறவி ஏ.எம்.ஏ. சாமி 1996-ல் தொடங்கின ஜென் தியான மையம். வார இறுதிக்குப் போற பலருக்கும் மனசைப் பத்தித்தான் கவலை. ஆனா முதல்ல பாடாப் படுத்துறது முழங்கால்தான்!

தியானத்துக்கு உட்கார்ற திண்டோட முன்பாதியில மட்டும் உட்காருங்க. பின்னால தள்ளி உட்கார்ந்தா விளிம்பு தொடையை அழுத்தி, கால் மரத்துப்போகும். ரெண்டு முழங்காலும் தரையில படணும். படலைன்னா போர்வையை மடிச்சு அடியில கொடுங்க. மரத்த காலோட சட்டுனு எழுந்தா கணுக்கால் பிசகிடும், தேய்ச்சுவிட்டு எழுந்திருங்க.

கண்ணைப் பாதி திறந்து வைக்கணும், மூடினா தூக்கம் சொக்கும். வெளிமூச்சுக்கு ஒண்ணு ஒண்ணா பத்து வரை எண்ணி, மறுபடி ஒண்ணு. பதினேழுக்குப் போயிட்டீங்களா? பதறாம ஒண்ணுல இருந்து தொடங்குங்க.

விடியற்காலைக் குளிருக்குக் கம்பளிச் சால்வை போதும். நைலான் ஜெர்கின் வேண்டவே வேண்டாம். அசைஞ்சா சரசரன்னு கூடம் முழுக்கக் கேட்கும்.