செல்ஃபியோடு வந்தவர்கள்

சென்னையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக்கில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் டாக்டரிடம் போவதற்கு முன் அவர்களிடம் பேசுவதும் போட்டோ எடுப்பதும் என் பொறுப்பு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, அவசரமில்லாத ஆபரேஷன் எல்லாம் நின்றுபோனபோது, இனி யார் இதற்கெல்லாம் செலவு செய்யப்போகிறார்கள் என்றுதான் நினைத்தோம். மறுபடி திறந்த சில மாதங்களில் போன் ஓயவில்லை.

வீட்டிலிருந்தே வேலை, மூக்கில் கட்டு இருக்கிற ஒரு வாரம் கேமராவை அணைத்துவிட்டால் போதும், வெளியே போனால் மாஸ்க் மறைத்துவிடும். நிறையப் பேர் இதைச் சொன்னார்கள். என்னை யோசிக்க வைத்தது வேறு. முன்பெல்லாம் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி மூக்கு வேணும்" என்பார்கள். இப்போது ஜூம் மீட்டிங்கில் எடுத்த தங்கள் ஸ்கிரீன்ஷாட்டையே காட்டினார்கள். நாள் முழுக்க தன் முகத்தைத் தானே பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் குறை தெரியாது?

ஆனால் அந்தக் கேமரா முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு, 5 அடி தள்ளி எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அதனால் 5 அடி தள்ளி நின்று ஒரு படம் எடுத்து, அவர்கள் செல்ஃபிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்ட ஆரம்பித்தேன். மாஸ்க் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், கூட வேலை செய்கிறவர்கள் யாரும் அவள் முழு முகத்தை நேரில் பார்த்ததில்லை, ஆபீஸ் திறக்கப்போகிறது என்றதுமே பயந்துபோய் வந்திருந்தாள். இரண்டு படத்தையும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இதுதானா நான்?" என்றாள். டாக்டரைப் பார்க்காமலே கிளம்பிவிட்டாள்.

கொரோனா காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டி, ஹேர் டிரான்ஸ்பிளான்ட் கேட்டு வந்த பையன்களும் உண்டு. பெரும்பாலும் அது தானாக முளைத்துவிடும், ஆறு மாதம் பொறுங்க தம்பி என்றால் கோபம் வரும். வேறு இடத்தில் உடனே செய்து தருகிறார்களாம். அப்படிச் செய்கிறவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

எல்லாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள், "மிஸ், தூக்கம் வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் வந்தார் ஒரு டீச்சர். அவருக்குக் கேமரா காட்டியது நிஜம்தான், மேல் இமைத் தோல் தொங்கிக் கண்ணையே மறைத்திருந்தது. தையல் பிரித்த அன்று, தலையை அண்ணாந்து பார்க்காமலே சுவர்க் கடிகாரத்தில் மணி சொன்னார்.