நண்டு பல்சாருக்குக் காது கொடுத்த கதை

சோமனூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டு முழுக்க விசைத்தறி. தறி நின்ற பிறகுதான் லேப்டாப்பைத் திறப்பேன். ஈர்ப்பலையை, அதாவது வெளியிலேயே எழும் நெளிவை, பிடிக்கும் அமெரிக்க ஆய்வகமான லைகோ தன் அளவீடுகளைப் பொதுவில் வைத்திருப்பது தெரிந்ததும், வெடித்த நட்சத்திரத்தின் மிச்சமான நண்டு நெபுலாவில் வேகமாகச் சுழலும் அதன் கருவை, அதாவது பல்சாரை, தேடிப் பார்க்க இறங்கினேன். அது நொடிக்குச் சுமார் 29.6 முறை சுற்றுகிறது. மேலே துளி மேடு இருந்தால்கூட ஈர்ப்பலை அதைப்போல் இரு மடங்கில், 59.2 ஹெர்ட்ஸில், ஓயாமல் வரும்.

ஒரு கோப்பு 4096 நொடி. அதற்கே 1 கோடியே 67 லட்சம் எண்கள். முதல் கோப்பை வரைந்ததும் 60-ல் கம்பம் நட்ட மாதிரி ஒரு கோடு! நெஞ்சு படபடத்தது. அப்புறம்தான் உறைத்தது: அது அமெரிக்கக் கரண்ட். நம்மூரில் 50, அங்கே 60.

நிஜ அலை இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும். ஒரு கோப்பில் தெரியாது. 2019 ஜூன் மாதத்தை எடுத்தேன். ஜூலை 23 அன்று அந்தப் பல்சார் திடீரென வேகம் கூடித் துள்ளியது; அந்த வம்பு வேண்டாம். ராத்திரி ராத்திரியாக இறக்கி, தேவையான அலைவரிசையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்தேன்.

முதலில் ஒத்திகை. லைகோக்காரர்களே லேசரால் கருவியின் கண்ணாடியைத் தள்ளி, பொய்ப் பல்சார்களின் அலையை உள்ளே விடுவார்கள். அதில் ஒன்று 108.86 ஹெர்ட்ஸ் பக்கம். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுவதால் அலையின் ஹெர்ட்ஸ் கூடிக் குறையும்; அதைக் கணக்கில் கழித்தேன். கிடைக்கவில்லை. மூன்று நாள் நிரலையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சாமி, உன்ற சத்தம் ஆப்ட்டுச்சா?" என்றார் அப்புச்சி. பத்துத் தறி ஒன்றாக ஓடும்போது எதில் கோளாறு என்று காதாலேயே சொல்பவர்.

"இல்லீங்க அப்புச்சி."

தப்பு என்னுடையதுதான். பூமி சூரியனைச் சுற்றுவதைக் கழித்தவன், தன்னைத்தானே சுற்றுவதை விட்டிருந்தேன். லைகோவின் ஹான்ஃபோர்டு கருவி ஒரு நாளில் முன்னும் பின்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் நகர்கிறது; அலை ஒரு சுற்றுக்கு மேல் பிசகிவிடும். அதையும் சேர்த்ததும் பொய்ப் பல்சார் ஒற்றை முள்ளாக எழுந்து நின்றது.

பிறகு நண்டு. அது நாளுக்கு நாள் மெதுவாகிறது. இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் வானொலித் தொலைநோக்கி நிலையம் அதன் சுழற்சி பற்றி மாதாமாதம் வெளியிடும் அட்டவணையை வைத்து அதையும் சரிசெய்தேன். இரைச்சல்தான் வந்தது. லைகோ குழுவுக்கும் அப்படித்தான்: நண்டு பல்சார் இழக்கும் ஆற்றலில் ஈர்ப்பலையாகப் போவது 10,000-ல் ஒரு பங்குக்கும் குறைவு என்று மட்டும் சொல்ல முடிந்தது. என் ஒரு மாதத் தரவில் வந்த வரம்பு அதைவிட ரொம்பத் தளர்வு. மே மாதத்தையும் இறக்க ஆரம்பித்திருக்கிறேன்.