டைல்ஸை உடைக்காம ஷவர் டைவர்ட்டரை சரி பண்ணலாம்

சுவத்துக்குள்ள பதிச்ச ஷவர் டைவர்ட்டர், அதாவது சுடுதண்ணியையும் பச்சத்தண்ணியையும் கலந்து ஷவருக்கு அனுப்பற வால்வு, மக்கர் பண்ணுச்சுன்னா உடனே "டைல்ஸ் உடைக்கணும் சார்"னு சொல்றாங்க இல்லையா, அதை கேட்டதும் சரின்னு தலையாட்டிடாதீங்க. சுவத்துக்குள்ள இருக்கறது பித்தளை பாடி மட்டும் தான், அது சாமானியத்துல கெடாது. தேயறது, அடைச்சுக்கறது, இறுகிப்போறது எல்லாம் உள்ள இருக்கற காட்ரிட்ஜ், லீவர் திரும்பும்போது தண்ணியை திறந்து மூடற உருளை, அதை முன்பக்கமாவே கழட்டி மாத்தற மாதிரி தான் செஞ்சிருக்காங்க. ஷவரை மூடி வச்சிருக்கும்போதும் சுவத்துக்கு அந்தப்பக்கம் ஈரம் ஊறிக்கிட்டே இருக்குன்னா அது வேற கதை, உள்ள பைப் ஜாயிண்ட்டோ பாடியோ விட்டிருக்கலாம், அப்ப உடைச்சு தான் ஆகணும்.

நாங்க இருக்கறது சென்னைல மேடவாக்கம் பக்கம், முழுக்க போர் தண்ணி. ஒரே லீவர் வச்ச டைவர்ட்டர், லீவரை இடப்பக்கம் திருப்பினா சுடுதண்ணி, வலப்பக்கம் பச்சத்தண்ணி. கொஞ்ச நாளாவே லீவர் இறுக ஆரம்பிச்சு, அப்புறம் சுடுதண்ணி நூல் மாதிரி வந்து, நடுவுல வெதுவெதுன்னு ஒரு இடமே கிடைக்காம போச்சு, ஒண்ணு ஜில்லுன்னு வரும் இல்லன்னா திடீர்னு கொதிக்கும். அம்மா ஷவர் பக்கமே போறதில்ல, "எனக்கு பக்கெட்டும் மக்கும் போதும்டா"ன்னுட்டாங்க, ஆனா முழங்கால் வலியோட குனிஞ்சு குனிஞ்சு மொண்டு ஊத்திக்கறதை பாக்கவே எனக்கு மனசு கேக்கல. வந்து பாத்த பிளம்பர் அண்ணன் நாலு டைல்ஸ் போகும்னாரு, அந்த டிசைன் இப்ப கடையில கிடைக்கறதும் இல்ல. அதான் நானே கழட்டி பாத்துடலாம்னு இறங்கினேன்.

கழட்டறதுக்கு முன்னாடி தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கறது தான் பாதி வேலை. அதே ஹீட்டர்ல இருந்து சுடுதண்ணி வர்ற வேற குழாய், வாஷ்பேசின் மாதிரி, அதை திறந்து பாருங்க. அங்கயும் சுடுதண்ணி மெல்லிசா வருதுன்னா டைவர்ட்டர் மேல பழி போட வேண்டாம், ஹீட்டர் பக்கம் போங்க. சுடுதண்ணி தானா வெளிய வராது, ஹீட்டருக்குள்ள புகுற பச்சத்தண்ணி தான் அதை தள்ளிவிடுது, அதனால உள்ள போற வழியில இருக்கற ஆங்கிள் காக்னு சொல்ற சின்ன வால்வுலயோ பக்கத்துல மாட்டியிருக்கற சேஃப்டி வால்வுலயோ உப்பு அடைச்சிருந்தா வெளிய வர்றதும் குறைஞ்சிடும். மத்த குழாய்ல நல்லா வந்து ஷவர்ல மட்டும் வரலன்னா தான் டைவர்ட்டர், இல்லன்னா ஷவர் தலை. தலையை கழட்டிட்டு வெறும் பைப்ல தண்ணி விட்டு பாத்தா அதுவும் தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, மொட்டமாடி டேங்குக்கு நேர் கீழ இருக்கற மாடி வீடுகள்ல அழுத்தமே கம்மியா தான் இருக்கும். 10 மீட்டர் உயரத்துக்கு தான் சுமாரா 1 பார் அழுத்தம், டேங்குக்கும் ஷவருக்கும் 2 மீட்டர் தான் இடைவெளின்னா 0.2 பார், அதுல பெரிய ரெயின் ஷவர் கொட்டணும்னு எதிர்பார்த்தா எந்த வால்வை மாத்தியும் பிரயோஜனம் இல்ல.

எங்க வீட்டுல பேசின்ல சுடுதண்ணி ஜம்முனு வந்துச்சு, ஸோ டைவர்ட்டர் தான். சுடுதண்ணி பக்கம் மட்டும் ஏன் இப்படி ஆகுதுன்னா, போர் தண்ணில கரைஞ்சிருக்கற சுண்ணாம்பு உப்பு சூடு பட்டா கரைஞ்சு நிக்காது, கால்சியம் கார்பனேட்டா மாறி படிஞ்சிடும். ஹீட்டர் காயில்ல வெள்ளையா ஓடு மாதிரி கட்டறது அதே தான், அது துணுக்கு துணுக்கா பேந்து தண்ணியோட வந்து காட்ரிட்ஜ் வாய்ல உக்காந்துக்கும். குடிதண்ணில கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணிக்கு வழியே இல்லன்னா 600 வரைக்கும் போகலாம்னு இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 10500 சொல்லுது. குளிக்கற போர் தண்ணியை யாரு டெஸ்ட் பண்றா, ஆனா குழாயெல்லாம் இதே தண்ணியை தான் குடிச்சுக்கிட்டு இருக்கு.

சரி வேலைக்கு வருவோம். முதல்ல ஹீட்டரை கரண்ட் போர்டுல இருக்கற எம்சிபி பிரேக்கர்லயே ஆஃப் பண்ணுங்க, சுவிட்ச் மட்டும் பத்தாது, தண்ணி இறங்கின ஹீட்டர் ஓடினா காயில் கருகிடும். அப்புறம் பாத்ரூம் லைன் வால்வு, ஹீட்டருக்கு போற வால்வு ரெண்டையும் மூடிட்டு, லீவரை நடுவுல வச்சு திறந்து மிச்ச தண்ணியை வடிய விடுங்க. தரை ஜாலி மேல ஒரு துணியை போட்டுடுங்க, திருகு விழுந்தா போயே போச்சு. லீவருக்கு அடியில சிவப்பு நீலம் புள்ளி போட்ட சின்ன மூடி இருக்கும், நகத்தால நெம்பினா வரும், உள்ள தலையில்லாத ஒரு குட்டி திருகு, அதுக்கு ஆலன் கீ, அதாவது ஆறு பட்டை வச்ச எல் வடிவ சாவி, வேணும். அதை தளர்த்தினா லீவர் கையோட வந்துடும், பின்னாடி பிளேட், அதுக்கும் பின்னாடி காட்ரிட்ஜை அழுத்தி பிடிச்சிருக்கற பித்தளை நட்டு. நட்டை கழட்டினதும் காட்ரிட்ஜை நேரா இழுங்க, திருக வேண்டாம், எந்தப்பக்கம் மேல இருந்துச்சுன்னு ஒரு போட்டோ எடுத்துக்கங்க.

எங்களோடதை வெளிய எடுத்து பாத்தா அடிப்பக்கம் ரெண்டு ஓட்டை, பச்சத்தண்ணி ஓட்டை பளிச்னு இருக்கு, சுடுதண்ணி ஓட்டைல முக்கால்வாசியை ஒரு வெள்ளை பொருக்கு அடைச்சுக்கிட்டு நிக்குது. சுத்தி இருக்கற ரப்பர்லயும் உப்பு ஒட்டி கரடுமுரடா இருந்துச்சு, லீவர் இறுகினதுக்கு காரணம் அதான். வெந்நீர்ல எலுமிச்சை உப்பு, அதான் சிட்ரிக் ஆசிட், கரைச்சு காட்ரிட்ஜை ஊற வச்சேன், நுரை நுரையா பொங்கி எல்லாம் இளகிடுச்சு, மிச்சத்தை பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு எடுத்தேன். குரோம் பூசின லீவர், பிளேட்டை அதுல போடாதீங்க, பூச்சு மங்கிடும், டாய்லெட் கழுவற ஆசிட் பக்கமே போகாதீங்க. ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ் லேசா தடவணும், வாசலினும் வண்டி கிரீஸும் வேண்டாம், நிறைய ரப்பர் அதுல ஊறி உப்பிடும். உள்ள இருக்கற செராமிக் தட்டுல கீறல் இருந்தா சுத்தம் பண்ணி உபயோகம் இல்ல, புதுசு தான் வாங்கணும், அப்ப பழசை கையோட கடைக்கு எடுத்துட்டு போங்க. 35 எம்எம், 40 எம்எம்னு நிறைய சைஸ் இருக்கு, ஒரே சைஸ்லயும் அடிப்பக்க ஓட்டை இடம் மாறும்.

திரும்ப மாட்டறதுக்கு முன்னாடி ஒரு முக்கியமான விஷயம். நிறைய ஒத்தை லீவர் காட்ரிட்ஜ்ல லீவர் மாட்டற தண்டை சுத்தி பல்லு வச்ச ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும், லீவர் சுடுதண்ணி பக்கம் எவ்வளவு தூரம் திரும்பலாம்னு அது தான் தீர்மானிக்குது. அதை வெளிய இழுத்து ஒண்ணு ரெண்டு பல்லு தள்ளி மாட்டினா, முழுசா சூட்டுப்பக்கம் திருப்பினாலும் பச்சத்தண்ணி கொஞ்சம் கலந்தே வரும். குழந்தைங்களும் வயசானவங்களும் இருக்கற வீட்டுல இதை அவசியம் செய்யுங்கன்னு கெஞ்சி கேக்கறேன். 60 டிகிரி தண்ணி தோல்ல பட்டா சில நொடியிலயே கொப்பளிச்சிடும், வயசானவங்க தோல் இன்னும் மெல்லிசு, சட்டுனு நகரவும் முடியாது.

ஹீட்டர்லயே சூட்டை குறைச்சா ஆகாதான்னா, குறைக்கலாம், ஆனா தண்ணி பத்தாது. 15 லிட்டர் ஹீட்டர், 60 டிகிரி, டேங்க் தண்ணி 28 டிகிரின்னு வச்சுக்கங்க, 40 டிகிரிக்கு கலந்தா கணக்குப்படி 40 லிட்டர் கிடைக்கும். அதே ஹீட்டரை 50ல வச்சா 27 லிட்டர் சொச்சம் தான், ரெண்டாவதா குளிக்க போறவங்களுக்கு ஜில்லுன்னு தான் வரும். அதான் வளையத்துல கட்டுப்படுத்தறது நல்லதுன்னு சொல்றேன்.

கிச்சன்ல யாரோ குழாய் திறந்ததும் ஷவர் கொதிக்குதுன்னா மட்டும் டைவர்ட்டரை நோண்டி தீராது, ரெண்டுக்கும் ஒரே பச்சத்தண்ணி லைன், அங்க திறந்தா இங்க அழுத்தம் விழுது, அதுக்கு டேங்குல இருந்து தனி லைன் இழுக்கணும். மூடினப்புறம் ஷவர் தலையில கொஞ்ச நேரம் சொட்டறதும் கோளாறு இல்ல, தலைக்குள்ள நின்ன தண்ணி தான், ராத்திரி பூரா சொட்டினா தான் காட்ரிட்ஜ்.

எல்லாத்தையும் மாட்டினதும் பிளேட்டை உடனே மூடிடாதீங்க. தண்ணியை திறந்துவிட்டு நட்டை சுத்தி டிஷ்யூ பேப்பரால தொட்டு பாருங்க, ஈரம் இல்லன்னா மூடலாம். சுடுதண்ணி பக்கம் காத்து புஸ்ஸு புஸ்ஸுனு போய் தண்ணி ஒரே சீரா வந்த அப்புறம் தான் ஹீட்டரை ஆன் பண்ணணும்.