மூன்றரைக் கிலோ எங்கே போனது?

விஞ்ஞானத்தில் அணு வந்ததும் பலகையில் நடுவே ஒரு புள்ளி, சுற்றிவர வட்டங்கள், வட்டத்தின் மேல் இலத்திரன்கள் என்று வரைந்துவிடுவது வழக்கம். பிள்ளைகளும் பார்த்து வரைந்து, வர்ணமும் தீட்டிக் கொண்டு வருவார்கள். தொடக்கத்திலேயே அந்தப் படத்தைக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1911இல் ரதபோர்ட் என்ற விஞ்ஞானி அணுவின் நடுவிலுள்ள கருவைப் பற்றிச் சொல்லி, 1913இல் நீல்ஸ் போர் என்ற விஞ்ஞானி வட்டங்களைச் சேர்த்த பிறகு வந்தது அது. ஜோன் டோல்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே அணுக்களைப் பற்றிப் பேசிவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நிறைகளை வைத்தே கணக்குப் போட்டார். பதினொரு வயதுப் பிள்ளைக்கும் அந்த வழிதான் சரி என்பது என் கட்சி. முதலில் தராசு, படம் பிறகு.

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் தரம் ஆறு, ஏழு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அநேகமாக எல்லாருடைய அம்மாவும் கொழுந்து பறிக்கிறவர்கள். தராசைப் பற்றி நான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. மழை நாளில் ஈரக் கொழுந்துக்குக் கிலோ கழிப்பது, அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து யாரை என்ன ஏசுவார் என்பது வரை அத்துப்படி.

அதனால் கேள்வியை இப்படிப் போட்டேன். நாலரைக் கிலோ கொழுந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனால், ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலைத் தூள்தான் வெளியே வருகிறது. மிச்சம் மூன்றரைக் கிலோ எங்கே?

“களவு போயிருக்கும் டீச்சர்!”

சிரித்து ஓய்ந்த பிறகு, “தண்ணி காஞ்சிருக்கும்” என்றாள் ஒருத்தி. சரி, காய்ந்த தண்ணீர் எங்கே போனது? யாரும் வாய் திறக்கவில்லை. காய்ந்தால் இல்லாமல் போய்விடும் என்றுதான் பாதிப் பேருக்கு நினைப்பு. பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அங்கேயும் இதே கதைதான்.

பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கு நிறை தண்ணீர். ஸ்டோர் மாடியில் நீளத் தொட்டிகளில் அதைப் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி மணிக்கணக்காக வாட்டுகிறார்கள். தண்ணீர் மூலக்கூறு மூலக்கூறாக, அதாவது அணுக்கள் சேர்ந்த சிறு கூட்டம் கூட்டமாகக் கழன்று காற்றோடு போகிறது. கடைசியில் சூடான காற்றில் உலர்த்தும்போது மீதியும் போகிறது. போகும்போதும் இரண்டு ஐதரசன் அணுவும் ஒரு ஒட்சிசன் அணுவும் பிரியாமல் ஒன்றாகத்தான் போகின்றன. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் தண்ணீரில் எத்தனை மூலக்கூறு என்று எழுதிக் காட்டச் சொன்னார்கள். 167 போட்டு, பின்னால் 21 பூச்சியம். பூச்சியம் போடுவதற்கு அடிபட்டுக்கொண்டு வந்தார்கள்.

வாடிய இலை அடுத்து கீழ்த்தளத்து ரோலருக்கு, அதாவது இலையை நசுக்கி உருட்டும் இயந்திரத்துக்கு வரும். அங்கே நசுங்கிய இலையைப் பரப்பி வைத்தால் பச்சை மெல்ல மெல்லச் செம்பு நிறமாகிறது, மணமும் மாறுகிறது. இங்கே நடப்பது வேறு. இலையின் கலங்கள் உடைந்ததும் உள்ளே இருந்த கற்றேச்சின்கள் என்ற பொருள்கள், தாக்கத்தை விரைவாக்கும் நொதியத்தின் (என்சைம்) உதவியோடு காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து தியாஃபிளேவின் போன்ற புது மூலக்கூறுகளாகின்றன. அணுக்கள் பழைய அணுக்களே, அவை கூடியிருக்கும் விதம் மாறிவிட்டது. மாடியில் மூலக்கூறு இடம் மாறியது, கீழே மூலக்கூறே மாறியது. அணு எது, மூலக்கூறு எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இந்த மலையில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அப்புறம்தான் சிக்கலே வந்தது. இரண்டு மூலக்கூறுக்கு நடுவில் என்ன இருக்கும் என்று கேட்டேன். “காத்து!” மொத்த வகுப்பும். எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் பெரும்பாலும் இதுதான் வரும், உடனே திருத்தப் போகாதீர்கள். காற்றும் மூலக்கூறுதானே, அப்படியென்றால் காற்று மூலக்கூறுகளுக்கு நடுவில்? “சின்னக் காத்து” என்றான் ஒருவன். அதற்கு நடுவில்? “அதவிடச் சின்ன...” என்று இழுத்தவன் அவனாகவே நிறுத்திக்கொண்டான். பின்வரிசையில் ஒரு பிள்ளை சந்தேகத்தோடு, “ஒன்னுமே இல்லையா டீச்சர்?” ஆமாம் என்றதும் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. “ஒன்னுமில்லாம எப்புடி இருக்கும்?”

நியாயமான கோபம். ஊசி போடாத சிரிஞ்சை அவள் கையில் கொடுத்தேன். காற்றை இழுத்து, வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால் தண்டு நன்றாக உள்ளே போகிறது, விட்டால் திரும்பி வருகிறது. காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி அமுக்கச் சொன்னேன். இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள், அசையவில்லை. “காத்துல எடம் கெடக்கு, தண்ணியில நெருக்கமா நிக்கிது” என்று அவளே சொன்னாள். அந்த ‘எடத்துல’ ஒன்றுமில்லை என்பதை மட்டும் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

செய்து பார்க்கிறவர்கள் பார்மசியில் புது சிரிஞ்ச் வாங்குங்கள், பாவித்தது வேண்டாம். குறைந்தது இரண்டு பேருக்கு ஒன்றாவது வேண்டும். நான் ஒன்றே ஒன்றைக் கொண்டுபோய், மண்டபத்தில் தண்ணீர்ச் சண்டையை விலக்குவதிலேயே மீதி நேரம் போய்விட்டது.